ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கியும் சிங்கப்பூர்த் தமிழரின் கள்ளும்: வரிப்பதிவேட்டின் வழி ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

மதுவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அறநோக்கில் அமைந்ததாகும். திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் மதுவிலக்குப் பரப்புரைகள் வரை இம்மரபு தொடர்ந்து வந்துள்ளது. இம்மரபின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும், மது ஒரு வரலாற்றுச் சான்றும் ஆகும். அதனை ஆக்கியவர் யார், விற்றவர் யார், அதனால் வருவாய் பெற்றவர் யார், இவற்றுள் எவை எழுதி வைக்கப்பட்டன, எவை விடப்பட்டன என்னும் வினாக்களைத் தொடுத்தால் ஒரு சமுதாயத்தின் வரலாறு வேறொரு பக்கத்திலிருந்து புலப்படக் காணலாம்.

இக்கட்டுரை இரண்டு மதுவகைகளை ஒப்பிடுகிறது. ஒன்று, சுயேச்சை வணிகர்களால் புட்டியில் அடைக்கப்பெறும் ஸ்காட்லாந்து நாட்டுச் சிங்கிள் மால்ட் விஸ்கி. மற்றொன்று, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழ்த் தொழிலாளர் அருந்திய தென்னங்கள். முன்னது, பிறந்த இடமும் ஆண்டும் பீப்பாய் எண்ணும் குறிக்கப்பெற்று இன்று சிங்கப்பூரில் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. பின்னது, பெயரோ ஊரோ இன்றி மறைந்துவிட்டது. இவ்வேறுபாட்டிற்கு மதுவின் இயல்பு மட்டும் காரணமன்று. ஒரே பேரரசு இரண்டு இடங்களில் கையாண்ட இரண்டு வரிமுறைகளும் காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

புட்டிச்சீட்டு தரும் செய்தி

முளைவிட்ட பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில் செப்புக் கலன்களில் வடிக்கப்பட்டு, ஓக் மரப் பீப்பாய்களில் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் முதிர வைக்கப்பெறுவது சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கியாகும். வடிசாலையின் உரிமையாளரே தம் பெயரில் வெளியிடுவது ஒரு வகை. வடிசாலை எதனையும் நடத்தாத வணிகர் ஒருவர், பிறரிடமிருந்து பீப்பாய்களை விலைக்கு வாங்கித் தம் கிடங்கில் முதிரவைத்துத் தம் பெயரில் புட்டியிலடைத்து விற்பது மற்றொரு வகை. இவ்வணிகரைச் சுயேச்சைப் புட்டியடைப்பாளர் எனலாம்.

இவ்வணிக முறை மளிகைக் கடைகளிலிருந்து தோன்றியது. அபர்டீன் நகரில் 1842-இல் தொடங்கிய கேடன்ஹெட் நிறுவனமும், எல்ஜின் நகரில் 1895-இல் மளிகைக் கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மக்பைல் நிறுவனமும் இதற்குச் சான்றுகளாகும். அக்காலத்தில் மால்ட் விஸ்கியின் பெரும்பகுதி, பல வடிசாலைகளின் சரக்கைக் கலந்து ஆக்கும் கலவை விஸ்கிக்கே சென்றது. கலவை வணிகர்கள் தேவைக்கு மேல் வைத்திருந்த பீப்பாய்கள் தரகர் வழியாகச் சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்கிய மளிகைக்காரர், எவ்வடிசாலையின் சரக்கு என்பதைச் சீட்டில் எழுதி ஒட்டினார். வடிசாலையின் உரிமையாளரே அதன் பெயரை விளம்பரப்படுத்தாத காலத்தில், அப்பெயரைக் காத்தவர் அயலாராகிய இவ்வணிகரே எனலாம்.

இதனை விளக்க அய்லா தீவின் தென்கரையிலுள்ள போர்ட் எல்லன் வடிசாலையை எடுத்துக்கொள்வோம். இது 1825-இல் நிறுவப்பட்டது. 1929-இல் மூடப்பட்டு, 1967-இல் மீண்டும் திறக்கப்பட்டது. விஸ்கி மிகுதியாகத் தேங்கிய காலத்தில், 1983-இல், அதன் உரிமையாளராகிய டிஸ்டில்லர்ஸ் கம்பெனி ஒரே ஆண்டில் பல வடிசாலைகளை மூடியபோது இதுவும் மீண்டும் மூடப்பட்டது. அப்போது இதனைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. கலவைக்கு அனுப்பப்பட்ட ஒரு பொருள் என்பதற்கு மேல் இதற்கு மதிப்பு இருக்கவில்லை. ஆனால், சுயேச்சை வணிகர்களிடம் தங்கியிருந்த பீப்பாய்கள் அடுத்த ஆண்டுகளில் போர்ட் எல்லன் என்னும் பெயருடனே புட்டிகளாக வெளிவந்தன. வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு, பீப்பாயின் எண், அதிலிருந்து கிடைத்த புட்டிகளின் எண்ணிக்கை, சாராய விகிதம் ஆகியவை சீட்டில் அச்சிடப்பட்டன. 2001 முதல் உரிமையாளரும் ஆண்டுதோறும் தனி வெளியீடுகளைக் கொண்டுவந்தார். மூடப்பட்ட வடிசாலையின் புகழ் இவ்வாறு வளர்ந்து, 41 ஆண்டுகளுக்குப் பின்னர், 2024-இல், அதே இடத்தில் வடிப்பு மீண்டும் தொடங்கியது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. வடிசாலை அழிந்தாலும் அதன் வரலாறு அழியாமைக்குக் காரணம் பீப்பாயின் மேலிருந்த எழுத்தாகும். அவ்வெழுத்தைத் தோற்றுவித்தது எது என்பதே அடுத்த வினா.

1823-ஆம் ஆண்டுச் சட்டம்

ஸ்காட்லாந்தில் மது வடித்தலைக் குறிக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1494-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜான் கோர் என்னும் துறவிக்கு உயிர்நீர் எனப் பொருள்படும் அக்குவா விட்டே செய்வதற்காக மால்ட் வழங்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. அச்சான்று ஓர் இலக்கியமோ மருத்துவ நூலோ அன்று. அரசுக் கருவூலத்தின் கணக்குச்சுருள். விஸ்கியின் வரலாறு கணக்கேட்டிலேயே தொடங்குகிறது என்பது நோக்கத்தக்கது.

எனினும், பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஸ்காட்லாந்து மலைநாட்டில் வடிக்கப்பட்ட விஸ்கியில் பெரும்பங்கு கள்ளச்சாராயமே. வரி அதிகாரிக்கு அஞ்சி மலையிடுக்கில் வடிக்கப்பட்ட அச்சரக்கிற்குப் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. இந்நிலையை மாற்றியது 1823-ஆம் ஆண்டுக் கலால் சட்டமாகும். ஆண்டுக்குப் 10 பவுன் உரிமக் கட்டணமும், வடித்த அளவிற்கு ஏற்ற குறைந்த வரியும் விதிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் உரிமம் பெற்ற வடிசாலைகளின் எண்ணிக்கை இரு மடங்கிற்கும் மேலாக உயர்ந்தது. போர்ட் எல்லன் அவ்வலையில் தோன்றிய ஒன்றேயாகும்.

அளவிற்கு வரி என்றால் அளவை எழுதியாக வேண்டும். வடிந்து வரும் சாராயம் பூட்டிய கண்ணாடிப் பேழை வழியாகவே செல்ல வேண்டும் என்றும், அதன் திறவுகோல் கலால் அதிகாரியிடம் இருக்க வேண்டும் என்றும் விதி ஏற்பட்டது. கிடங்கிற்கும் அவ்வாறே பூட்டு இடப்பட்டது. ஒவ்வொரு பீப்பாய்க்கும் எண்ணும் ஆண்டும் வடிசாலையின் பெயரும் எழுதப்பட்டன. கிடங்கில் இருக்கும் வரை வரி செலுத்த வேண்டுவதில்லை என்பதால் நெடுநாள் முதிர வைப்பதும் இயலுவதாயிற்று. இன்று சுவைஞர் போற்றும் சீட்டுச் செய்திகள் யாவும், வரி ஏய்ப்பைத் தடுக்க அரசு எழுதி வைத்த குறிப்புகளின் வழிவந்தவையே. 1983-இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சங்கம், சீட்டில் வடிசாலையின் பெயரை அச்சிடாமல் அதற்குரிய எண்ணை மட்டும் அச்சிடுகிறது. பெயரை மறைக்கும் இவ்வழக்கும் பதிவின் மேலேயே நிற்கிறது.

சிங்கப்பூரின் வரிக்குத்தகை முறை

1819-இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் ஆட்சிப் பேராளராகப் பொறுப்பேற்ற வில்லியம் ஃபார்குவாரும் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பகுதியைச் சேர்ந்தவரே. சிங்கப்பூர் தீர்வையற்ற துறைமுகமாக அறிவிக்கப்பட்டதால் இறக்குமதி வரி வழியாக வருவாய் பெற இயலவில்லை. எனவே 1820-இல் அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை விற்கவும் நடத்தவும் உரிய உரிமையை ஃபார்குவார் ஏலத்தில் விட்டார். இதுவே வரிக்குத்தகை முறையாகும். சூதாட்டக் குத்தகையை ராஃபிள்ஸ் 1823-இல் நிறுத்தினார். அது பின்னர் மீண்டும் வந்து, 1829-இல் ஒழிந்தது. அபினிக் குத்தகையும் சாராயக் குத்தகையும் ஏறத்தாழ 90 ஆண்டுகள், 1909 வரை நீடித்தன.

ஸ்காட்லாந்தில் வடிப்பவரைப் பதிவேட்டிற்குள் கொண்டுவந்த 1823-ஆம் ஆண்டிலேயே, சிங்கப்பூரில் அதே பேரரசு நேர்மாறான முறையைக் கையாண்டு வந்தது. குத்தகை முறையில் அரசுக்குத் தெரிய வேண்டியது மாதந்தோறும் குத்தகையாளர் செலுத்தும் தொகை ஒன்றே. சரக்கு எங்கே ஆக்கப்பட்டது, எதனால் ஆக்கப்பட்டது, யார் ஆக்கினார் என்பவை குத்தகையாளரின் உள்விவகாரங்கள். எனவே அரசு ஆவணங்களில் குத்தகையாளரின் பெயர் உண்டு. அவர் செலுத்திய தொகை உண்டு. சரக்கின் வரலாறு இல்லை. அபினி, சாராயக் குத்தகைகளால் பெருஞ்செல்வரான சியாங் ஹோங் லிம் என்பாரின் பெயரை இன்றும் ஹோங் லிம் பூங்கா தாங்கி நிற்கிறது. அவர் விற்ற சம்சு என்னும் அரிசிச் சாராயத்தைக் காய்ச்சிய தொழிலாளருள் ஒருவர் பெயரையும் நாம் அறியோம்.

தமிழரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மங்கலானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கள்ளும், கஞ்சா வகையைச் சேர்ந்த பாங்கும் ஒரே குத்தகையாகச் சேர்த்து ஏலம் விடப்பட்டன. இவ்விரண்டிற்கும் பொருளாலோ ஆக்கத்தாலோ தொடர்பில்லை. இரண்டும் இந்தியர் நாடுபவை என்னும் ஒரே காரணத்தால் ஒரு தலைப்பின்கீழ் வைக்கப்பட்டன. 1825-இல் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளும், அவர்களுக்குப் பின் வந்த சாலைப் பணியாளர், மாட்டுத்தொழுவப் பணியாளர், சலவைத் தொழிலாளர் ஆகியோரும் குடிக்கும் இனம் என்னும் வகையிலேயே இப்பதிவேட்டில் இடம்பெற்றனர் எனலாம்.

கள்ளின் இயல்பு மட்டுமே காரணமா?

கள்ளுக்கு வரலாறு எழுதப்படாமைக்கு அதன் இயல்பே காரணம் என்று ஒருவர் கூறலாம். இக்கூற்றில் உண்மை உண்டு. தென்னம்பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் வடியும் சாறு, காற்றிலுள்ள நொதிகளால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைப்பட்டுப் பதநீராக நிற்கும். தடவாவிடின் கள்ளாகும். ஒரு நாள் கடந்தால் கள் காடியாக மாறும். அன்று இறக்கியதை அன்றே விற்றாக வேண்டும். இத்தகைய பொருளுக்குக் கிடங்கும் இல்லை, முதிர்ச்சியும் இல்லை, ஆண்டுக் குறிப்பும் தேவையில்லை.

எனினும், முதிர்ந்த மது தமிழருக்குப் புதிதன்று. மூங்கிற்குழாயில் நெடுநாள் வைத்து முதிர்வித்த தேறலைக் குறவர் அருந்திய செய்தி திருமுருகாற்றுப்படையிலும் புறநானூற்றின் 129-ஆம் பாடலிலும் இடம்பெறுகிறது. நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறலை 120-ஆம் பாடல் கூறுகிறது. யவனர் கலத்தில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துமாறு நக்கீரர் வாழ்த்துவது 56-ஆம் பாடலாகும். 1945-இல் அகழப்பெற்ற அரிக்கமேட்டில் கிடைத்த இரட்டைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் அவ்வணிகத்திற்குத் துணைநிற்கின்றன. அதியமான் தனக்குக் கிடைத்த மதுவைத் தம்முடன் பகிர்ந்துகொண்டதை ஔவையார் கையறுநிலையில் நினைவுகூர்கிறார். மரத்தின் குழாயில் முதிர்தல், பிறந்த இடம் குறித்தல், உடனிருந்து பகிர்தல் ஆகிய மூன்றும் இங்கு உள்ளன. ஆகவே, தமிழர் மதுவிற்கு மரபில்லை என்பதைவிட, அம்மரபைத் தொடர்ந்து பதியும் நிறுவனம் பிற்காலத்தில் இல்லை என்பதே பொருந்தும். 1823-க்கு முன் ஸ்காட்லாந்து மலைநாட்டின் நிலையும் இதுவே என்பதை முன்னரே கண்டோம்.

கள்ளுக்கடையும் கள்ளெதிர்ப்பும்

இருபதாம் நூற்றாண்டில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை ஒரு நிறுவனமாகவே விளங்கியது. அத்தோட்டங்களுள் பலவற்றை நிருவகித்த கத்ரி நிறுவனம், ஸ்காட்லாந்தினரான அலெக்சாண்டர் கத்ரியால் 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றதாகும். துரைமாரின் மன்றத்தில் விஸ்கியும், தொழிலாளர் குடியிருப்பின் ஓரத்தில் கள்ளும் என்பது அக்காலச் சமூக அமைப்பின் சுருக்கம். கள்ளுக்கடை இல்லாவிடின் தொழிலாளர் இன்னும் கொடிய சம்சுவை நாடுவர் என்று ஆட்சியாளர் வாதிட்டனர். கள்ளில் சத்து உண்டு என்றும் கூறப்பட்டது. கள்ளுக்கடை வருவாயின் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கப்பட்டதும் உண்டு. தொழிலாளரின் கூலியே கடை வழியாகத் திரும்பி வந்து நலநிதி என்னும் பெயர் பெற்றது. சிங்கப்பூர் நகரிலும் துறைமுக, நகராட்சித் தொழிலாளரைச் சார்ந்து கள்ளுக்கடைகள் இயங்கின. நாடு விடுதலை பெற்ற பின்னரும் சில ஆண்டுகள் அவை நீடித்தன.

இதனை எதிர்த்து எழுந்த குரல் தமிழருடையதே. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் மேற்கொண்ட பயணம் சீர்திருத்த உணர்வைத் தூண்டியது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இதழ் மது ஒழிப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் கோரிக்கையாக இருந்தது. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இவ்விரு கோரிக்கைகளும் அருகருகே நிற்பது தற்செயலன்று. கள்ளுக்கடையைத் தொழிலாளர் ஒழுக்கச் சிக்கலாக மட்டுமன்றித் தன்மானச் சிக்கலாகவும் கண்டனர் என்பதற்கு இது சான்றாகும். போருக்குப் பின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் தொண்டர் படை நடத்திய கள்ளுக்கடை மறியலும் இவ்வுணர்வின் தொடர்ச்சியே.

ஆயினும், இப்போராட்டங்களின் வழியே நமக்குக் கிடைப்பது எதிர்ப்பின் வரலாறு. கள்ளிறக்கிய தொழிலாளி யார், அவர் எந்த மாவட்டத்திலிருந்து அத்தொழிலறிவைக் கொண்டுவந்தார், கடையில் எவ்வெவ் ஊர்ப் பேச்சுகள் கேட்டன, எச்செய்திகள் பரிமாறப்பட்டன, கணவனின் கூலிக்காகக் கடைவாயிலில் காத்துநின்ற பெண்கள் என்ன எண்ணினர் என்பவற்றை வரிக்கணக்கும் கூறவில்லை. சீர்திருத்த இதழும் மிகுதியாகக் கூறவில்லை. வருவாயாகவும் இழுக்காகவும் மட்டுமே கள் பதியப்பட்டது.

லிட்டில் இந்தியா: 2013-உம் அதன் பின்னும்

இவ்வகைப் பதிவு இக்காலத்திலும் தொடர்வதற்கு லிட்டில் இந்தியா வட்டாரம் சான்று தருகிறது. 2013 டிசம்பர் 8-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலைக்கும் ஹாம்ஷியர் சாலைக்கும் இடையிலான சந்திப்பில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் சிக்கி உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர் கண்டிராத நிகழ்வு அது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், விபத்தையும் அதுபற்றிய தவறான புரிதலையும் அடுத்து மதுவை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. 2015 ஏப்ரல் 1 முதல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டு, வார இறுதிகளில் கூடுதல் தடைகள் விதிக்கப்பட்டன.

பொது ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. வரலாற்று மாணவர் கருத வேண்டியது வேறொன்று. அத்தொழிலாளருள் பலர், 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்திவரும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். தம் ஊரில் அரசின் வருவாயாகவும், வந்த நாட்டில் ஒழுங்குச் சிக்கலாகவும் அவர்களது குடி எண்ணப்படுகிறது. இதே காலத்தில், மதிப்பின் அடிப்படையில் ஸ்காட்ச் விஸ்கி மிகுதியாக ஏற்றுமதியாகும் நாடுகளின் வரிசையில் சிங்கப்பூர் முன்னணி இடம் பெற்றுள்ளது. நகரின் விடுதிகளில் போர்ட் எல்லன் புட்டி ஒன்றின் சீட்டைப் படித்து, அதன் பீப்பாயின் வரலாற்றை விளக்கிக் கேட்போர் உள்ளனர். சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நிற்பவரின் ஊரையும் கதையையும் அவ்வாறு கேட்போர் மிகச் சிலரே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். ஒரு மதுவின் பெருமை அதன் சுவையால் மட்டும் ஏற்படுவதன்று. அதனை யார் எவ்வாறு பதிந்தனர் என்பதாலும் ஏற்படுகிறது. ஸ்காட்லாந்தின் வரிமுறை ஆக்குவோனைப் பதிந்தது. சிங்கப்பூரின் குத்தகை முறை விற்போனின் தொகையைப் பதிந்தது. முன்னதால் மூடப்பட்ட வடிசாலையும் பெயர் பெற்று வாழ்ந்தது. பின்னதால் வாழ்ந்த மனிதரும் பெயரின்றி மறைந்தனர். இவ்வாறு கூறுவது கள்ளைப் போற்றுவதாகாது. கள்ளுக்கடையால் அழிந்த குடும்பங்களின் துயரமும் பதிவு பெறாத அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இக்குறையை ஓரளவு நிறைக்க இன்றும் வழி உண்டு. தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் கிடைக்கின்றன. 1979-இல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் தமிழ் முதியோரின் நேர்காணல்களும் உள்ளன. கள்ளுக்கடைக் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். தமிழாசிரியர்கள் தம் மாணவரைப் பாட்டன் பாட்டியரிடம் அனுப்பி, ஊர், தொழில், கூலி, கடை, வீடு ஆகியவை பற்றிக் கேட்டு எழுதச் செய்தால், அது மொழிப்பயிற்சியாகவும் ஆவணமாகவும் அமையும். வடிசாலை மூடப்பட்ட பின்னும் பீப்பாயின் எழுத்தைக் காத்தவர் மளிகைக்காரர். இங்கு அப்பணியைச் செய்யத்தக்கவர் ஆசிரியரும் ஆய்வாளருமே ஆவர். நினைவுடையோர் இருக்கும்போதே அது செய்யப்பட வேண்டும்.